வேப்பம்பட்டு மண்புழுக்காரம்மா, எங்கள் அக்கா

எங்கள் அக்கா பெரியபாளையத்தை அடுத்த ஒரு கிராமத்தில், நெல் பயிரிடும் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். நடவு வயலில் காலில் புழு தட்டுப்பட்டால் அலறிக்கொண்டு முதலில் வரப்பேறுகிறவர் அவர்தான். அப்படிப்பட்டவரை வேப்பம்பட்டு முழுக்க ‘மண்புழுக்காரம்மா’ என்று அழைத்தார்கள் என்றால், தம்பியாகிய நானே முதலில் நம்பவில்லை.

திருமணமாகி வேப்பம்பட்டுக்கு வந்த பிறகு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கும் வேலைக்குப் போனார். மூட்டை மூட்டையாகக் காய்கறித் தோல் குப்பைக்குப் போவதைப் பார்த்து அவருக்கு மனசு ஆறவில்லை. மண்புழு உரம் பற்றிய இலவசப் பயிற்சி ஒன்றுக்குப் போய்வந்து, மாடியில் பழைய வாளி ஒன்றில் ஆரம்பித்தார். ஆறேழு மாதத்தில் பக்கத்துக் காலிமனையை வாடகைக்கு எடுத்து, பச்சை வலைப் பந்தல் போட்டு, தொட்டிகள் கட்டி, வேலையையும் விட்டுவிட்டார். மாடித்தோட்டக்காரர்கள் வாங்கினார்கள். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி, தன் தோட்டத்துக்கு மாதாமாதம் உரம் கேட்டது. அதை நம்பித்தான் வேலையை விட்டார். அக்காவின் கணவரான மாமாவுக்கும் அப்போது நிரந்தர வேலை இல்லை.

அந்த ஆடி மாதம் ஒரு காரியம் செய்தார். பெரியபாளையத்து அம்மன் கோயிலில், பக்தர்கள் வேண்டுதலுக்கு வேப்பிலையைக் கோத்து உடம்பில் கட்டி அவிழ்த்த வேப்பஞ்சேலைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. வண்டி வைத்து அள்ளிவந்து, பச்சையாகவே தொட்டிகளில் நிரப்பிவிட்டார். இரண்டாம் நாள் விடியும்போது தொட்டியில் இருந்த புழுக்களெல்லாம் தெருவில் இருந்தன. அடுத்த வீட்டு அம்மா வாசலில் நின்று கத்தினார்.

“இன்னாக்கா இது, பாத்ரூம் ஃபுல்லா புழு ஊந்துகினு கீது! ஊட்ல கொழந்த இருக்குது தெரியுமா?”

“கடிக்காதும்மா. பினாயில் மட்டும் ஊத்திடாத, உனக்குப் புண்ணியமாப் போகும். தோ, நானே வந்து எடுத்துக்கினு போறேன்.”

வாளியோடு வீடு வீடாகப் போய், தேங்காய் நார்த் துடைப்பத்தால் ஒவ்வொன்றாக ஒதுக்கி எடுத்துவந்தார். தெருக்காரர்கள் இதை மூடச் சொன்னார்கள். அக்காவின் மாமியார், நாங்களும் அத்தை என்றே அழைப்போம், ஒரே பிடியாக நின்றார்.

“ஆத்தாளுக்கு நேந்துகினு கட்டின தழைய புழுவுக்குப் போட்டல்ல, அதான் இந்தப் பேஜாரு. இத்தோட உட்டுடு.”

அக்காவும் அம்மனைக் கும்பிடுகிறவர். ஒரு பொழுது முழுக்கச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார் என்று மாமா சொல்வார். சாயங்காலம் எழுந்துபோய்த் தொட்டிக்குள் கையை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார்.

“அத்தை, நீங்களே கைய உட்டுப் பாருங்க, இன்னா கொதி கொதிக்குது! ஆத்தாளுக்கு எம்மேல இன்னா கோவம்? பச்சத் தழைய அப்படியே கொட்னது நான்தான். அதுங்க வெந்து சாகாம ஓடிப்போனதே பெரிசு.”

தழையை வெளியே இழுத்துப்போட்டு, ஆறிய சாணம் பரப்பித் தண்ணீர் தெளித்து, மீட்டுவந்த புழுக்களை மறுபடி குடியேற்றினார். பாதிக்கு மேல் திரும்பவில்லை. கம்பெனி தோட்டத்தைக் கவனிப்பவருக்குப் போன் செய்து, “சார், இந்த மாசம் தர முடியாது, தப்பு என்னுதுதான்” என்று உள்ளதைச் சொன்னார். அவரும் காத்திருந்தார். அந்தப் பெருந்தன்மைக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மறு ஆடிக்கும் வேப்பிலை வந்தது. இந்த முறை தனியாகக் குவித்து, சாணக்கரைசல் தெளித்து, புரட்டிப் புரட்டி ஆறவைத்தார். அத்தையே குவியலில் கை வைத்துப் பார்த்து, “இன்னும் சுடுதுடி, கெடக்கட்டும்” என்று சொல்வார். அவர் சம்மதம் கிடைக்காமல் ஒரு கூடைகூடத் தொட்டிக்குப் போனதில்லை. மூடச் சொன்ன தெருவிலிருந்தே காய்கறித் தோல் வர ஆரம்பித்தது.

சிறுநீரகக் கோளாறால் அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், “எப்படி இருக்கேக்கா?” என்று நான் கேட்டால், “தண்ணி தெளிச்சாங்களாடா?” என்றுதான் பதில் வரும். எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை. அதைத் தாங்க முடியவில்லை.

அக்கா மறைந்த மறுநாள், காரியம் முடியும்வரை யாரும் தொட்டிப் பக்கம் போக வேண்டாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். இனிமேல் அது எதற்கு என்று மாமாவும் விட்டுவிட்டார். அத்தை மட்டும் எழுந்தார். “அதுங்களுக்கு இன்னா தீட்டு? வெயில் ஏறுது பாரு” என்று சொல்லி, அழுதுகொண்டே தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். அக்காவின் மகள் ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து தொட்டிகள் அவள் பொறுப்பு.

ஆஸ்பத்திரியில் இரவு பகல் பாராமல் உதவிய செவிலியர்களுக்கும், எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், தூரம் பாராமல் வந்து துக்கத்தில் பங்குகொண்ட சொந்தபந்தங்களுக்கும், இந்தப் பதினாறாம் நாளில் கைகூப்புகிறோம்.

இந்த நினைவு மலரோடு உங்கள் கையில் ஒரு சிறிய துணிப்பை தந்திருக்கிறோம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அக்கா தம் கையால் சலித்துவைத்த உரம் அது. தயவுசெய்து நினைவுப் பொருளாகப் பூஜை அறையில் வைத்துவிடாதீர்கள். காய்ந்துபோனால் வீணாகிவிடும். நாளைக் காலையிலேயே ஏதாவது ஒரு செடிக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.