திரையைத் துண்டாக நெய்தோம்

நான் சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் டிசைன் போடுகிறவன். கொடுக்கிற படத்தைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பிரித்து, தறியில் நெய்ய ஏற்றபடி மாற்றித் தருவது என் வேலை. போன வருடம் ஏற்றுமதிக்காரர் ஒருவர் கடற்கரையில் விரிக்கிற துண்டு நெய்வதற்காக ஒரு படம் அனுப்பினார். ராட்சதப் பறவை ஒன்று திமிங்கலத்தைக் கால்களில் பற்றித் தூக்குகிறது. இரண்டு பக்கமும் பாம்பு.

படம் மங்கலாக இருந்தது. தெளிவான படத்தை இணையத்தில் தேடப்போய்த்தான் விஷயமே தெரிந்தது. கனடாவின் மேற்குக் கரையில் வாழும் நூ-சா-நுல்த் மக்களுடையது அது. மரத்தைக் குடைந்த படகில் போய்த் திமிங்கல வேட்டையாடியவர்கள். அவர்களுடைய தலைவர் குடும்பங்கள் தங்கள் வரலாற்றைப் பெரிய திரையில் வரைந்து வைத்திருக்கும். விருந்துச் சடங்கில் அதைக் கட்டும் உரிமை அந்தந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான். எனக்கு வந்த படமும் அப்படி ஒரு திரையில் இருந்ததுதான். அந்தச் சடங்கையே அரசாங்கம் பல காலம் தடை செய்திருந்தது. பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் அடித்திருக்கிறார்கள்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணாச்சி, இது ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான படம். கேக்காமப் போடக் கூடாது."

"ஏலே, அவிய சங்கரன்கோவிலுக்கு வந்தா கேக்கப் போறாவ? நீ படம் போடுதியா, இல்ல வேற ஆளப் பாக்கட்டுமா?"

போட்டேன். நன்றாகவே போட்டேன், பாம்பின் நாக்குகூடத் துல்லியமாக விழுந்தது. மனசு கேட்காமல், அந்தத் திரையைப் பற்றி இணையத்தில் எழுதியிருந்த அவர்கள் ஊர்ப் பெண் ஒருத்திக்கு, இதைத் துண்டில் நெய்யலாமா என்று கேட்டு ஒரு மெயிலும் அனுப்பினேன். பதில் வந்தபோது துண்டுகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது எங்கள் குடும்பத்துத் திரை. நெய்வதற்கு முன் கேட்கிறீர்களா, நெய்துவிட்டா?"

"முன்னால்தான்" என்று எழுதினேன்.

வேண்டாம் என்றாள். கூடவே, "நன்றி. இதுவரை எங்களிடம் கேட்ட ஒரே ஆள் நீங்கள்தான்" என்றும் எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்தபோது லாரி கிளம்பியிருந்தது.

சில மாதம் கழித்து அவளிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. அவர்கள் ஊர்க் கடற்கரைக் கடை ஒன்றில் எங்கள் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். வருகிற படம் யாருடையது என்று தேடுவதில்லை.