பச்சை கேட் முன்னால் வந்து நின்ற கார்

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது இது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பெங்களூரு நீலசந்திராவில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, வைட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மென்டுக்குக் குடிவந்திருந்தோம். பால் காய்ச்சியதற்குச் சொந்தம் முழுக்க வந்தது. வராதது என் லேப்டாப் ஒன்றுதான்.

நிஜமாகத்தான் சொல்கிறேன். அது இன்னும் நீலசந்திராவிலேயே குடியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டும்போது வெயில் என்று சொல்லும். பக்கத்தில் மருந்துக்கடை எங்கே என்று தேடினால், பழைய தெருமுனைக் கடையைக் காட்டும். பழைய வீட்டு வைஃபை பெட்டியையே கழற்றிக்கொண்டு வந்து மாட்டியதுதான் காரணமாம். அந்தப் பெட்டியை அடையாளம் வைத்துத்தான் லேப்டாப் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது என்று ஆபீஸ் தோழி சொன்னாள். பெட்டி நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டோம். "அந்த ஏரியா பிரியாணியை விட்டுட்டு வர அதுக்கு மனசில்ல" என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

அந்தச் சமயம் என் தங்கை முதல் பிரசவத்துக்கு என்னிடம் வந்திருந்தாள். எங்களுக்கு அம்மா இல்லை. அக்கா வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒருநாள் காலை பதினோரு மணி வாக்கில் பனிக்குடம் உடைந்துவிட்டது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வெளியே போயிருக்கிறது, கிடைத்த வண்டியில் உடனே கிளம்பி வாருங்கள் என்றவர்கள், குழந்தையின் அசைவு எப்படி இருக்கிறது என்றும் கேட்டார்கள். "காலையில இருந்தே கம்மியாத்தான் இருக்குக்கா" என்றாள் தங்கை.

போனைக் காதில் வைத்தபடியே, எதிரே திறந்திருந்த லேப்டாப்பில் கார் பதிவு செய்தேன். எங்கிருந்து ஏற வேண்டும் என்ற இடத்தை அதுவே நிரப்பிக்கொண்டதை நான் பார்க்கவே இல்லை. மூன்று நிமிடத்தில் கார் என்றது. வைட்ஃபீல்டில் அந்த நேரத்தில் மூன்று நிமிடத்தில் கார் என்றதுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

தங்கையைக் கைத்தாங்கலாக லிஃப்டில் இறக்கி, கேட்டுக்கு அழைத்து வந்தேன். காரைக் காணோம். போன் அடித்தது. "லொகேஷன் கரெக்ட் இதியா மேடம்?" என்று, இடம் சரிதானா எனக் கன்னடத்தில் கேட்டது ஒரு குரல். பெங்களூரில் எந்த டிரைவரும் இதைக் கேட்காமல் இருக்க மாட்டார். சரியாகத்தான் இருக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்றேன். கேட் முன்னால்தான் நிற்கிறேன், யாரையும் காணோமே என்றார். எனக்கு வந்த கோபத்தில் கன்னடமெல்லாம் மறந்துபோய்த் தமிழில் கத்தினேன்.

"கண்ணு தெரியுதா இல்லையா உங்களுக்கு? நானும் கேட்லதான் நிக்கிறேன். புள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு நிக்கிறேன். மேப் பார்க்கத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு வண்டி ஓட்ட வர்றீங்க?"

அவரும் தமிழிலேயே நிதானமாகக் கேட்டார். "அம்மா, உங்களுக்கு எதிர்ல என்ன தெரியுது?"

"மெட்ரோ தூண்."

"இங்க மெட்ரோவே இல்லையேம்மா. நான் நீலசந்திராவுல ஒரு பச்சை கேட் முன்னாடி நிக்கிறேன். மாடியில டு-லெட் போர்டு தொங்குது."

எங்கள் பழைய வீடு! இரண்டு மாதமாக எதை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோமோ, அது என் தங்கையின் உயிரோடு விளையாடிவிட்டது. வைட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மென்ட் பெயரைச் சொல்லி, தப்பு என்னுடையதுதான் என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "அழாதீங்க. லைன்லயே இருங்க. எங்க கோலார் தங்கவயல் ஊர் டிரைவருங்க எல்லாம் ஒரு குரூப்ல இருக்கோம். அந்தப் பக்கம் யாராச்சும் இருப்பாங்க" என்றார். இன்னொரு போனில் அவர் பேசுவது எனக்கே கேட்டது. "வைட்ஃபீல்ட்ல யாருப்பா இருக்கீங்க? பிரசவ கேஸு. சவாரி இருந்தா சொல்லி எறக்கி விட்டுட்டு ஓடுங்க."

பதில் வந்துவிட்டது போலிருக்கிறது. உடனே என்னிடம் திரும்பி, அபார்ட்மென்டுக்குப் பின்பக்கம் கேட் இருக்கிறதா என்று கேட்டார். "அங்க வந்துடுங்க. முன்னாடின்னா வண்டி யூ-டர்ன் போட்டு வரவே இருபது நிமிஷம் ஆயிடும். அவங்கள நடக்க வைக்காதீங்க, செக்யூரிட்டிகிட்ட சேர் இருக்கும் பாருங்க." ஊரின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு அவருக்குத் தோன்றியது, அங்கேயே குடியிருக்கும் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு செக்யூரிட்டிகள் பிளாஸ்டிக் நாற்காலியோடு தங்கையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள். நாங்கள் போய்ச் சேரவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. "கதவு சாத்துன சத்தம் கேட்டுச்சு. தைரியமாப் போங்கம்மா" என்றுவிட்டுத்தான் அவர் போனை வைத்தார்.

நேராக ஆபரேஷன் தியேட்டருக்கே கொண்டுபோனார்கள். கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருந்தது. சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். பெண் குழந்தை.

கார் ஆப் வழியாக வந்த அழைப்பில் டிரைவரின் சொந்த நம்பர் தெரியாது. அதனால் எங்களைக் கொண்டுவந்து விட்டவரிடம், பச்சை கேட் முன்னால் நின்றவரின் நம்பரை வாங்கி வைத்திருந்தேன். மாலையில் பேசினேன். காலையில் கத்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றேன். சிரித்தார்.

"நீங்க கத்துனதே நல்லதாப் போச்சும்மா. பொறுமையாப் பேசியிருந்தீங்கன்னா, ராங் லொகேஷன்னு கேன்சல் பண்ணிட்டு அடுத்த சவாரிக்குப் போயிருப்பேன். அந்தச் சத்தத்துலதான் நீங்க எவ்ளோ பயந்திருக்கீங்கன்னு தெரிஞ்சுது. அத விடுங்க, புள்ள நல்லா அழுதுச்சா?"

என் வேலையும் போனில் பேசுவதுதான். வாடிக்கையாளர்களின் புகார்களைக் கேட்கும் வேலை. யாராவது குரலை உயர்த்தினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். இப்போதெல்லாம் அவர்கள் கத்தும்போது, திட்டை ஒதுக்கிவிட்டு உள்ளே என்ன பயம் என்று காது கொடுத்துப் பார்க்கிறேன். அந்த அண்ணனுக்குக் கேட்டதுபோல எனக்குப் பத்தில் ஒருமுறைகூடக் கேட்பதில்லை, ஆனாலும் நான் விடுவதாக இல்லை.