சுரங்கத்துக்குள் போன சம்பந்தி

ஒரு பொய் சொன்னேன். இந்த வயதில், இவ்வளவு படித்துவிட்டு, பட்டப்பகலில், மருமகளின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன். அதனால் ஒரு நல்ல மனிதர் பலபேர் பார்க்கத் தன் மகளிடம் திட்டு வாங்கினார்.

காரணம்? பொறாமை. அக்கறை, பதற்றம், ஞாபகமறதி என்று வேறு பெயர்கள் வைத்துப் பார்த்தேன்... எதுவும் பொருந்தவில்லை.

யார் மேல்? என் சம்பந்தி மேல்.

பெயர் சென்னியப்பன். கோபிச்செட்டிபாளையத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். அவருடைய மகள் கீர்த்தனா ஜெர்மனியிலுள்ள வால்டோர்ஃபுக்கு சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தாள். வந்த இடத்தில் என் மகன் சுதனைக் கண்டாள், கட்டினாள். நான் யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவன். அகதியாக இங்கே வந்து ஓர் அச்சகத்தில் காகிதம் அடுக்கி ஓய்வு பெற்றவன். மனைவி போனபிறகு மகன் வீட்டில் இருக்கிறேன். அவர்களுக்கு ஒரே மகள், ஆதிரை. ஏழு வயது.

இந்த ஆதிரைதான் விஷயம்.

எத்தனையோ வருடங்களாகச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். என் சொந்தப் பேத்தி என்னோடு ஜெர்மனில்தான் பேசுவாள். 'தமிழில் சொல்லு பிள்ளை' என்றால் தோளைக் குலுக்கிவிட்டு ஓடிவிடுவாள். விசிட்டர் விசாவில் சம்பந்தி வந்து இறங்கினார். சில வாரங்கள்தான். பிள்ளை அவரோடு தமிழில் கதைக்கிறாள், சண்டை பிடிக்கிறாள், கதை கேட்கிறாள்! எப்படி? அவருக்கு ஜெர்மன் தெரியாது. அவ்வளவுதான். அந்த ஒரு தகுதி எனக்கு இல்லாமல் போய்விட்டது.

ஈஸ்டர் விடுமுறையின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் சம்பந்திக்கு ஃபிளைட். ட்ரியருக்குப் போவோம், ரோமர்களின் இடிபாடுகளைப் பார்ப்போம் என்று சொன்னது நான்தான். விருந்தாளியை மகிழ்விக்கவா? இல்லை. ரோமர்கள் விஷயத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்கு எல்லாம் தெரியும். ஒரு நாளாவது பிள்ளை என் வாயைப் பார்க்கட்டும் என்ற ஆசை. ஒரு வாரம் பழைய புத்தகங்களைத் தோண்டித் தயாரானேன்.

சுதன் காரை ஓட்டினான். பக்கத்தில் கீர்த்தனா. பின்னால் நாங்கள் இரண்டு கிழவர்கள், நடுவில் ஆதிரை. நடுவில் என்று பெயர்தான். அவள் தலை முழு வழியும் அவருடைய தோளில் கிடந்தது.

"தாத்தா, அந்த ரோமன்காரங்க எல்லாம் எங்க போயிட்டாங்க?"

கேள்வி அவரிடம். பதில் நான் சொன்னேன். சாம்ராச்சியம், எல்லைப்புறம், படையெடுப்பு... பிள்ளை மரியாதையாகக் கேட்டுவிட்டு மறுபடி அந்தப் பக்கம் திரும்பினாள்.

"வாடகை கட்ட முடியாம வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க சாமி" என்றார் சம்பந்தி.

கார் முழுக்கச் சிரிப்பு. சுதன்கூட! நான் பெற்ற மகன்!

ட்ரியரில் அந்தப் பெரிய குளியல் மண்டபத்தின் முன் நின்றோம். ஆகாயத்தை மறைக்கும் செங்கல் சுவர், அதில் வரிசையாக வளைவுகள். நிலத்துக்கு அடியில் சுரங்கப் பாதைகள். மேலே கனவான்கள் குளிக்க, கீழே வேலையாட்கள் ஓடித்திரிவதற்காகக் கட்டியவை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். சம்பந்தி அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங் சம்பந்தி, ஒருத்தர் குளிக்கறதுக்கு இத்தாப் பெரிய கட்டடமா? எங்கூர்ல ஒரு வாய்க்கா போதுமுங்களே."

ஆதிரை விழுந்து விழுந்து சிரித்தாள். என் விரிவுரை அங்கேயே முடிந்தது.

எனக்கு முழங்கால் வலி. ஒரு வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். சுதன் ஐஸ்கிரீம் வாங்கப் போனான். கீர்த்தனா கழிவறை வரிசையில் நின்றாள். ஆதிரை சுரங்கப் படிகளை நோக்கி ஓட, பின்னால் போன சம்பந்தி பாதியில் திரும்பி என்னிடம் வந்தார்.

"நாங்க ரெண்டு பேரும் அந்தப் பொந்துக்குள்ள போயிட்டு வந்தர்றோமுங்க. கீர்த்தி வந்தாச் சொல்லிப்போடுங்க. இல்லீன்னா பதறிப்போடுவா, அவங்கம்மா மாதிரியே."

"ஓம், ஓம். போட்டு வாங்கோ" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கீர்த்தனா வந்தாள்.

"மாமா, அப்பாவும் ஆதிரையும் எங்க?"

கையை நீட்டிப் படிகளைக் காட்டினால் போதும். அவள் வரும்வரை கீழேயிருந்து அவர்களுடைய சிரிப்பு மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது.

"தெரியாது பிள்ளை. என்னட்டை ஒண்டும் சொல்லேல்லை."

என்ன நினைத்தேன்? ஐந்து நிமிடத்தில் ஏறி வருவார்கள், சம்பந்தி ஒரு சின்னத் திட்டு வாங்குவார். அவ்வளவுதான் நினைத்தேன். ஆனால் அவர்கள் வரவில்லை. சிரிப்புச் சத்தமும் மறுபடி கேட்கவில்லை. இந்திய சிம் போட்ட சம்பந்தியின் போன் வைஃபை இல்லாத இடத்தில் வெறும் கடிகாரம், கூப்பிடவும் வழியில்லை. கீர்த்தனா படிகளில் இறங்கி எட்டிப் பார்த்தாள், ஆளில்லை; சுவரைச் சுற்றி ஓடினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். பக்கத்தில் கார்கள் பறக்கும் பெரிய தெரு. அதன் ஓரம்வரை போய் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஐஸ்கிரீமோடு வந்த சுதன் அதை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு ஓடினான்.

"அப்பா, நீங்கள் இஞ்சைதானே இருந்தனீங்கள்? ஒண்டும் பாக்கேல்லையோ?"

இப்போதாவது சொல்லியிருக்கலாமே? முதல் நிமிடத்தில் சொல்லாததை அடுத்த நிமிடத்தில் எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன். இரண்டாவது பொய். டிக்கெட் கவுண்டரில் இருந்த பெண், போலீஸைக் கூப்பிடவா என்று கேட்டுப் போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் மைதானத்தின் மறுகோடியில் வேறொரு வாசல் வழியாக இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். உடம்பெல்லாம் தூசி. முகமெல்லாம் சிரிப்பு.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக மாட்டீங்களாப்பா? இது என்ன கோபி பஸ் ஸ்டாண்டா? குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா?" கீர்த்தனா அழுதுகொண்டே கத்தினாள். சுற்றி நின்ற ஜெர்மன்காரர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தரம். கோபமில்லை, கேள்வியுமில்லை. பிறகு மகளிடம் திரும்பினார்.

"தப்புதாங் கண்ணு. சொல்லாமப் போயிட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னார்? அவர் பெண்ணைக் கொடுத்தவர். மாப்பிள்ளையின் தகப்பனைப் பொய்யன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. கல்யாணத்தன்று மைக்கைப் பிடித்து, 'எங்களுக்குள் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்ற பேதமே இல்லை' என்று முழங்கியவன் நான். கைதட்டல் வாங்கியவன். அந்தப் பேதத்தின் பின்னால்தான் அன்று போய் ஒளிந்தேன்.

திரும்பும் வழியில், வீடு நெருங்கும்போது கீர்த்தனா முன்னால் பார்த்தபடியே சொன்னாள்: "சம்மருக்கு ஆதிரை ஊருக்கு வரலப்பா. உங்களை நம்பி எப்படி விடறது?"

கோடை விடுமுறை முழுவதும் பேத்தி கோபியில் தன்னோடு இருப்பாள் என்று அந்த மனிதர் எத்தனை திட்டம் போட்டிருந்தார்! வாய்க்காலில் நீச்சல் பழக்குவதாகச் சொல்லியிருந்தார். இப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு? சொல்லவே கூச்சமாக இருக்கிறது... ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. ஆதிரை அழ ஆரம்பித்ததும்தான் அது போயிற்று.

அவர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு கீர்த்தனாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் உடனே அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அட, நான் சொல்லவே இல்லையே கண்ணு. என்னைக் காப்பாத்தறதுக்காக மாமா அப்படிச் சொல்றாரு."

கீர்த்தனாவின் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு மாமா!"

வேண்டுமா எனக்கு?

தனியாக அவரைக் கூப்பிட்டேன். "சம்பந்தி, நான் செய்தது பெரிய பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா உண்மையைச் சொல்லுங்கோ. பிள்ளை உங்களிட்டை வர வேண்டாமோ?"

"வந்தா சந்தோஷந்தானுங்க. ஆனா கீர்த்தி உங்களோட ஒரே வீட்லல்லங்க இருக்கோணும்? மாமனாரைப் பத்தி மனசுல ஒண்ணு விழுந்துட்டா, தெனமும் சோறு போடறப்போ அது ஞாபகம் வருமுங்க. விடுங்க சம்பந்தி."

மகள் நிம்மதியாக இருக்க, பேத்தியோடு கழிக்கவிருந்த ஒரு கோடையையே விட்டுக்கொடுக்கிறார். அதிலும் என்னைத் தோற்கடித்துவிட்டார்!

இனி என்ன செய்வது? எனக்குத் தெரிந்தது எழுத்து. இதுவரை நீங்கள் வாசித்ததையெல்லாம் எழுதி, பத்திரிகைக்கு அனுப்பும் முன் கீர்த்தனாவிடம் கொடுத்தேன். வாசித்தாள். 'பதறிப்போடுவா, அவங்கம்மா மாதிரியே' என்ற இடத்தில் நின்றாள். இறந்துபோன மனைவியைப் பற்றி அப்பா அப்படித்தான் சொல்வார் என்பது அவளுக்குத் தெரியும். நான் கற்பனை செய்திருக்க முடியாது.

எழுந்து போய் அப்பாவுக்குப் போன் செய்தாள். கதவுக்குள் வெகுநேரம் அழுகுரல் கேட்டது. மறுநாள் கோடைக்கு டிக்கெட் போட்டாள். என்னிடம் மட்டும் இன்னும் தேவைக்கு மேல் பேசுவதில்லை. முன்பெல்லாம் காபியைக் கையில் கொண்டுவந்து தருவாள். இப்போது மேசையில் இருக்கிறது. நான் போய் எடுத்துக்கொள்கிறேன். அது சரிதான்.

ஆதிரை இப்போதே சூட்கேஸைத் திறந்து வைத்துவிட்டாள். தாத்தாவுக்கு நானும் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டாமா? கடைக்குப் போய், இருப்பதிலேயே நல்ல சாக்லேட்டாகப் பார்த்து ஒரு பெரிய பெட்டி வாங்கிவந்தேன். சம்பந்திக்குச் சர்க்கரை வியாதி என்பது, பெட்டியைப் பார்த்ததும் கீர்த்தனாவின் முகம் போன போக்கில்தான் ஞாபகம் வந்தது.

சத்தியமாக மறந்துதான் போனேன் — வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.