நிறுவைக்கு வரும்போது பாருங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிற ராசு பசறை பஸ்ஸில் கண்டக்டர். அன்று விடியற்காலையில் பஸ்ஸுக்குப் போகாமல் என் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, பொத்தான் கடை சரோஜா அக்கா போயிட்டாங்களாம். நெஞ்சுல சளி கட்டி, மூச்சு விட முடியாமப் போச்சாம்."

எனக்குக் காலையில் குரல் நன்றாக வரும். சாயங்காலம்தான் அடைத்துப்போகும். அன்று காலையிலேயே வரவில்லை.

பதுளைக் கடைத்தெருவுக்கு வந்துபோகிற உங்களுக்கெல்லாம் அவர் நூலும் பொத்தானும் விற்றவர். "ஒரு பொத்தான் போனதுக்கா சட்டையத் தூக்கிப் போடுறீங்க?" என்று திட்டிக்கொண்டே டப்பா டப்பாவாகக் கொட்டித் தேடித் தருவார். எனக்கு அவருடைய இன்னொரு பொத்தான் கணக்கும் தெரியும். அதைத்தான் எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சத்தில் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற வருஷங்கள் அவை. காலையில் வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்கும்போது எல்லாரையும் போலத்தான் இருப்பேன். மத்தியானம் தாண்டினால் இமை தானாக இறங்கும். கொழுந்து கிள்ளுகிற விரல் என் பேச்சைக் கேட்காது. "காலையில சிங்கம், மத்தியானம் சீக்கு! நல்ல நாடகம்டி" என்பார் கங்காணி. தோட்டத்து டாக்டரையா நோயாளிகளைப் பார்ப்பது பெரட்டு முடிந்த கையோடு, காலையில் மட்டும். என் கையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். "நல்லாத்தானே இருக்க? போ வேலைக்கு." சாயங்கால நிறுவையில் என் கொழுந்து மட்டும் குறைந்துகொண்டே வந்தது. இந்த மாசம் முழுக்க இப்படியே போனால் செக்ரோல் பதிவில் பேரை வெட்டிவிடுவேன் என்று தோட்டத்துத் துரை கெடு வைத்துவிட்டார். பேர் போனால் லயத்து அறையும் போகும். படுத்த படுக்கையாக இருந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவது?

அந்தப் பயத்தோடுதான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஊசி வாங்க அவர் கடைக்குப் போனேன். தலை நிற்காமல் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றேன். கல்லாவில் இருந்த அக்காவும் அதேபோலத் தாடையைத் தாங்கிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கேலி செய்வதாக அவரும், அவர் என்னைக் கேலி செய்வதாக நானும் நினைத்து, இரண்டு பேரும் முறைத்துக்கொண்டோம்.

"என்ன, என்னைய மாதிரி செஞ்சு காட்டுறியா?"

"இல்லீங்க. தாடை நிக்க மாட்டேங்குது."

என் பேச்சு மூக்கால் வந்தது. அக்கா எழுந்துவிட்டார்.

"சோறு மெல்லும்போது பாதியில வாய் ஓஞ்சு போகுதா?"

"ஆமாங்க."

"காலையில?"

"காலையில ஒண்ணுமே இல்லீங்க."

கையைப் பிடித்து உள்ளறைக்குக் கூட்டிப்போனார். மெட்ராஸில் காலேஜ் படிக்கும்போது அவருக்கும் இதே நோய் வந்ததாம். மயஸ்தீனியா என்று பேர். "நரம்பு சொல்றது சதைக்குப் போய்ச் சேரல. நம்ம ரத்தமே வழியில நின்னு தடுக்குது" என்றார். சாயங்காலமானால் எனக்கு வருவது சோம்பேறித்தனம் இல்லை என்று முதன்முதலில் சொன்னவர் அவர்தான். அவரிடம் இருந்த மாத்திரையில் ஒன்று கேட்டேன். தரவில்லை. "உனக்கு வேற ஏதாவதா இருந்தா இதுவே மூச்ச நிறுத்திரும். டாக்டர் பார்த்துதான் தரணும்."

அந்த அறையில் பழைய மிட்டாய்ப் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டின் பேர். உலகத்தில் எந்த நாட்டு டாக்டராவது இந்த நோயைப் பற்றி எழுதினால், அந்த நாட்டுப் போத்தலில் ஒரு பொத்தான் போடுவார். கொழும்பில் வேலை பார்த்த அவருடைய அண்ணன், மருத்துவ நூலகத்தில் பார்த்து விவரம் அனுப்புவார். அமெரிக்கா வழிந்துகொண்டிருந்தது. இங்கிலாந்து முக்கால். இந்தியாவில் அடியில் கொஞ்சம். இலங்கை காலி.

"அமெரிக்காவுலதான் இந்தச் சீக்கு ஜாஸ்தியாக்கா?"

"சீக்கு இல்லடி, எழுதுறவங்க ஜாஸ்தி."

ஒரே நோயாளிகளை வைத்து ஒரே டாக்டர் இரண்டு இடத்தில் எழுதியிருந்தால், ஒரு பொத்தானைத் திரும்ப எடுத்துவிடுவார். "கொழுந்து நிறுக்கிறப்ப கூடைக்குன்னு எடை கழிப்பாங்களே, அப்படியா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அதற்குப் பேரே கூடைக் கழிவு.

நோயின் பேரைக் கொண்டுபோய் டாக்டரையாவிடம் சொன்னேன். "அது வெள்ளைக்காரனுக்கு வர்றது. நம்ம நாட்டுல வந்ததா எங்கயாவது எழுதியிருக்கா?" என்றார். இதை அக்காவிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது.

"போத்தல் காலியா இருந்தா ஊருல ஆள் இல்லேன்னா அர்த்தம்? எண்ணிப் பார்க்க ஆள் இல்லேன்னு அர்த்தம்."

துரை வைத்த கெடு முடிகிற அன்று, மதிய பஸ்ஸில் அக்கா தோட்டத்துக்கே வந்துவிட்டார். சரிவில் பாதிக்குப் பாதி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாராம். நிறுவை முடிந்து நான் வெறுங்கூடையோடு வருகிற நேரம் பார்த்து என்னை மருந்துச்சாலைக்கு இழுத்துப்போனார். கதவைப் பூட்டப்போன டாக்டரையாவின் முன்னால் போய் நின்றார்.

"பெரட்டுக்கு வரும்போது பார்த்தா எங்களுக்கு ஒண்ணும் இருக்காதுங்க ஐயா. நிறுவைக்கு வரும்போது பாருங்க."

எங்கள் இரண்டு பேரையும் கூரையைப் பார்த்துக்கொண்டே நிற்கச் சொன்னார் டாக்டரையா. என் இமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அக்காவின் இமை எனக்கு முன்பே மூடிவிட்டது. அவர் ஏதோ சொல்ல வந்தார், குரல் இல்லை. வாயோரம் எச்சில் வழிந்தது, விழுங்க முடியவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டாக்டரையா கண்ணால் பார்க்கவேண்டும் என்று மத்தியான மாத்திரையை அவர் வேண்டுமென்றே போடவில்லை.

நான் கத்தினேன். கத்தல் மூக்கால்தான் வந்தது. டாக்டரையா அவரைப் பெஞ்சில் சாய்த்து உட்காரவைத்தார். அக்காவின் பையிலிருந்த மாத்திரையை எடுத்துக் காட்டினேன். விழுங்க முடியாதவருக்கு எப்படிக் கொடுப்பது? மூச்சு மேலே மேலே வாங்கியது. மூச்சு கொஞ்சம் தணிந்து தொண்டை அசைகிற வரைக்கும் டாக்டரையா அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, துளித்துளியாக அவரே விட்டார். இருட்டுகிற நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்தார். முதலில் கேட்டது இதைத்தான்:

"சீட்டு எழுதிட்டாரா?"

எழுதிவிட்டார். பதுளை ஆஸ்பத்திரிக்கு ஒன்று, துரைக்கு ஒன்று. பேர் வெட்டப்படவில்லை. எனக்கும் மாத்திரை கிடைத்தது. "உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்று பிறகு நான் சண்டை பிடித்தபோது, "ஆகலையே, விடு" என்று வாயை அடைத்துவிட்டார். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

சில வருஷம் கழித்து, கொழும்பிலிருந்து வந்த நரம்பு டாக்டர் ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துப்போய் எழுதினார். அக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இலங்கைப் போத்தலின் மூடியைத் திறந்து, "நீ போடு முத்து" என்றார். நான் இரண்டு பொத்தான் எடுத்தேன். அக்கா என் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஆள் ரெண்டு, எழுத்து ஒண்ணுதான். கூடைக் கழிவு!"

அடியில் விழுந்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

துக்கத்துக்குப் போனபோது அந்தப் போத்தலை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அக்காவின் அண்ணன். வேண்டாம் என்றேன். அது அந்த அறையிலேயே, வழிகிற போத்தல்களுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அக்கா டாக்டரையாவிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. இதை எழுதவும் காலைகளில் மட்டும்தான் என் கை வந்தது. அவரை அறிந்தவர்களே, உங்கள் மலையிலோ கடையிலோ வீட்டிலோ, பொழுது சாய்ந்தால் ஓய்ந்துபோகிற ஒருத்தி இருந்தால், காலையில் பார்த்துவிட்டு நடிப்பு என்று சொல்லிவிடாதீர்கள். நிறுவைக்கு வரும்போது பாருங்கள்.