செல்ஃப் எடுக்காத என் கொழுந்தன்

என் கொழுந்தனுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தெருவுக்கே அவன் ‘செல்ஃப்’. பட்டனை அமுக்கியும் ஸ்கூட்டர் கிளம்பாவிட்டால், “செல்ஃப் எடுக்கல” என்று அவனிடம்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். அந்த வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆனால் பட்டப்பெயர் வந்தது அதனால் மட்டும் இல்லை. நாற்பதை நெருங்குகிற அவனுக்கே செல்ஃப் எடுக்காது. சாப்பிடு என்றால் சாப்பிடுவான், தூங்கு என்றால் தூங்குவான். தானாக வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டதாகச் சரித்திரமே இல்லை.

பட்டறை எங்கள் வீட்டின் முன்னறைதான். என் அடுப்படி ஜன்னல் அதற்குள் திறக்கும். நான் ஒட்டுக்கேட்கிறேன் என்று என் வீட்டுக்காரர் குறை சொல்வார். ஜன்னல் வைத்தது அவர். காதைப் பொத்திக்கொண்டு சமைக்க எனக்கென்ன வேண்டுதலா?

வண்டி வந்ததும் மற்றவர்களைப் போல இவன் ஸ்பேனரைத் தூக்க மாட்டான். முதலில் ஹாரனை அமுக்குவான். ஹாரன் முனகினால் பேட்டரியில் சரக்கில்லை. ஹாரன் ஊரைக் கூட்டியும் மோட்டார் சுற்றாவிட்டால், கரண்ட் இருக்கிறது, வழியில் ஏதோ மறிக்கிறது என்று அர்த்தம். ஃபியூஸ், பிரேக் சுவிட்ச், ரிலே என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் அதைப் பிடித்துவிடுவான்.

ஒருமுறை ஒரு பெரிய மனிதர் வியர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். “பிரேக்கைப் புடிச்சுக்கிட்டு பட்டனை அமுக்குங்க” என்றான் இவன். வண்டி கிளம்பியது. மனிதர் முகம் சுண்டிப்போய்ப் போனவர்தான், அப்புறம் இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. “கொஞ்ச நேரம் எதையாவது கழட்டி மாட்டியிருக்கக் கூடாதா தம்பி?” என்று கேட்டேன். “கெட்டுப்போகாததை எதுக்கு அண்ணி கழட்டணும்?” என்றான். இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அடுத்த தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துகிற பெண் ஒருத்தி இருந்தாள். தனி ஆள், வாயும் கையும் சுறுசுறுப்பு. அவள் ஸ்கூட்டருக்கு என்ன பீடை பிடித்ததோ, வாரம் தவறாமல் செல்ஃப் எடுக்காது. ஒரு வாரம் பேட்டரி முனை தளர்ந்திருக்கும், அடுத்த வாரம் ஃபியூஸ் நழுவியிருக்கும், அதற்கடுத்து பிரேக் சுவிட்ச் ஒயர் தொங்கும். அவன் குனிந்து வேலை பார்க்க, அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்பாள். இவனும் பதில் சொன்னான்! ரிலேயைப் பற்றித்தான். ஆனாலும் அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. வேறு யார் வந்தாலும் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். அவள் வருகிற நாளில் மட்டும் ஸ்டூல் உள்ளேயிருந்து வரும், அதுவும் ஈரத்துணியால் துடைத்து.

ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் யோசித்துக்கொண்டிருந்தான்.

“அண்ணி, அந்த வண்டியில எதுவும் தானா கழலல. யாரோ வேணும்னே கழட்டுறாங்க. ஸ்க்ரூ தலையில எல்லாம் பொடி ஸ்க்ரூடிரைவர் தடம் இருக்கு. கண்ணாடி ஃப்ரேமுக்குப் போடுவாங்களே, அது.”

அப்பாடா, விளங்கிவிட்டது என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “யாருன்னு நினைக்கிற?” என்றேன்.

“அதான் புரியல. அவங்களுக்கு வேண்டாதவங்க யாரோ இருக்காங்க. கடைக்குள்ள போய் அவங்க ஸ்க்ரூடிரைவரையே எடுத்து இந்த வேலை பண்றாங்க.”

தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்து வரவைக்கிற விஷயமா இது?

அடுத்த தடவை அவள் வந்தபோது அவளிடமே கேட்டான்: “உங்களுக்கு வேண்டாதவங்க யாராவது இருக்காங்களா?”

அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். “இருக்கார் ஒருத்தர். எப்படிச் சொன்னாலும் அவர் மண்டையில ஏறாது.”

“யாருன்னு சொல்லுங்க. நான் வந்து பேசுறேன்.”

“நீங்க பேசிட்டாலும்!” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

அதற்குப் பிறகு பல வாரம் அவள் வரவில்லை. ஸ்டூல் உள்ளேயே கிடந்தது. ஒரு நாள் காலையில் வந்து, உட்காரக்கூடச் செய்யாமல் சொன்னாள்: “எங்க அண்ணன் அவன் ஊருக்கே வந்துடுன்னு ரொம்ப நாளா கூப்பிடுறான். கடையைக் காலி பண்றேன். வண்டியையும் விக்கிறேன். நாளைக்கு ஆள் வருது, தொட்டதும் எடுக்கிற மாதிரி பண்ணிக் குடுங்க.”

“சரிங்க” என்றான். அவ்வளவுதான்.

அவள் தெருமுனை தாண்டியதும் நான் கரண்டியோடு பட்டறைக்குள் போனேன். “டேய், அதைச் சரி பண்ணாத. வண்டி எடுக்கலைன்னா விக்காது. விக்கலைன்னா அவ போறது கொஞ்சம் தள்ளிப்போகும்ல?”

“என்னை நம்பிக் குடுத்திருக்காங்க அண்ணி.”

அன்று முழுக்க அந்த வண்டியோடுதான் இருந்தான். முனைகளை எல்லாம் தேய்த்து, பட்டனைப் பிரித்துத் துடைத்து, ஒயர்களுக்குப் புது டேப் சுற்றினான். பிள்ளையை வெளியூருக்கு அனுப்புகிற தாய்கூட அப்படிச் செய்ய மாட்டாள். வேலை முடிந்தும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். எனக்குக் கோபமெல்லாம் போய் அழுகைதான் வந்தது.

மறுநாள் வாங்க வந்தவரை அவளே பட்டறைக்குக் கூட்டி வந்தாள். சரியான சந்தேகப் பிராணி. பட்டனைத் தொட்டார், எடுத்தது. அணைத்துவிட்டுத் திரும்பத் தொட்டார், எடுத்தது. அவர் முகம் மலர மலர அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“நீங்கதானே வண்டியைப் பார்த்தீங்க. மறைக்காம சொல்லுங்க, ஏதாவது குறை இருக்கா?” என்று இவனிடம் கேட்டார்.

“ஒரு குறையும் இல்லைங்க.”

போச்சு என்று நினைத்தேன்.

“அப்ப வாங்கிடலாம்?”

இவன் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் துடைத்தான். “முடியாதுங்க. இது எங்க வீட்டு வண்டி.”

அவர் குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். அவள் கையைக் கட்டிக்கொண்டு இவனைப் பார்த்தாள். சுலபத்தில் விடுகிறவளா அவள்?

“எங்க வீடுன்னா? நீங்க, உங்க அண்ணன், அண்ணி இருக்கிற வீடா?”

காப்பாற்றச் சொல்லி என் ஜன்னலைப் பார்த்தான். நான் வேண்டுமென்றே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொதிக்காத குழம்பைக் கிண்டிக்கொண்டே காதைத் தீட்டி வைத்தேன்.

“நம்ம... நம்ம வீடுங்க” என்றது அவன் குரல்.

நான் திரும்பிப் பார்த்தபோது அவள் அந்த மனிதரின் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சுக்குங்க சார்,” என்றாள், “வீட்டுல கேட்காம விக்க வந்துட்டேன்.”