சடங்கு நாட்களில் தள்ளிப்போன ஊசி

அயலவருக்குக் கால் முறிந்தால் பழங்களோடு போய்ப் பார்க்கிற நீங்கள், மனச்சிதைவு நோய் வந்தவரின் வாசலை மட்டும் ஏன் குனிந்த தலையோடு கடக்கிறீர்கள்?

கம்சாயினியின் வாசலை ஊர் அப்படித்தான் கடக்கிறது. செங்கலடிப் பக்கம், வாவிக்கரையில் அவள் வீடு. கணவன் உதயரூபன் தோணிக்காரன். அவனுக்கு நோய் வருமுன், வலையிலிருந்து எறாலைக் கழற்றிக்கொண்டே அவளைச் சீண்டுவான். "கம்சா, குழம்புக்கு உப்புப் போட்ட நீயா, வாவியையே ஊத்தின நீயா?" அவள் அகப்பையோடு துரத்துவாள். இப்போது எதை வைத்தாலும் பேசாமல் உண்கிறான். செத்தவனுக்கு அழவென்றால் ஊர் கூடும். எதிரே இருப்பவனுக்காக ஏங்குவதை அவள் யாரிடம் சொல்வாள்?

மாதாந்த ஊசியில் அவன் தேறிக்கொண்டுதான் வந்தான். வைகாசியில் ஆண்டுச் சடங்குக்காகக் கண்ணகியம்மன் கோயில் கதவு திறந்தது. சடங்கு முடியும்வரை ஊசி குத்தி உடம்பில் இரத்தம் காணக் கூடாது, துடக்கு, தீட்டு என்றார்கள் ஊரார். அவளும் பயந்து ஊசியைத் தள்ளிப்போட்டாள். அதே ஊரில் நீரிழிவுக்காரர்கள் தினமும் ஊசி போட்டுக்கொண்டுதான் கோயிலுக்குப் போனார்கள். அவர்களை அம்மனும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை.

குரல்கள் திரும்பின. சோற்றில் நஞ்சென்று பானையை முற்றத்தில் கவிழ்த்தான். நண்பகலில் கழுத்தளவு தண்ணீரில் நின்று யாரையோ ஏசினான். கரையில் நின்றவர்கள் கைபேசியில் படம் பிடித்தார்கள்.

அவளுடைய அண்ணன் நல்லரத்தினம் வந்தார்.

"இது உன்ட சீதன வீடு புள்ள. அவனக் கதிரவெளிக்கு, தாய்க்கிட்டயே அனுப்பிரு."

"நீங்களும் மச்சாள்ர சீதன வீட்டுலதானே இருக்கிற. காய்ச்சல் வந்தா உங்களயும் அனுப்பட்டாமா?"

"வாய் மட்டும் குறையல்ல உனக்கு."

"அதாவது மிஞ்சட்டும்ண்ணே."

கெஞ்சிக் கூத்தாடி அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். ஊசி மறுபடி தொடங்கியது. குரல்கள் தணிந்தன. பேச்சுத்தான் திரும்பவில்லை. ஒருவரும் எட்டிப் பார்க்காத வீட்டில் அது எப்படித் திரும்பும்?

ஒரு காலை, ஊரார் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் மீன் வியாபாரி அசனார் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். நோயே வராதவனிடம் கேட்பதுபோல, நண்டைத் தூக்கிக் காட்டினார்.

"உதயன், இது எத்தின கிலோ வரும், சொல்லு பாப்பம்."

உதயரூபன் நண்டைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். அசனார் அவசரப்படவில்லை.

"உங்கட தராசிலயா காக்கா, நல்ல தராசிலயா?"

"அடேய்! வாயத் துறந்ததும் என்ட யாவாரத்துலயா கை வைக்கிறாய்?" அசனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

அடுப்படியில் கம்சாயினி அசையாமல் நின்றாள். இன்னொரு சொல், இன்னும் ஒரே ஒரு சொல். வரவில்லை. அசனார் போய்விட்டார். இனி அவர் அடுத்த கிழமைதான் வருவார். அதுவரை அந்தப் படலையைத் திறக்க யாருமில்லை.

உங்களுக்குத் தெரிந்த அப்படியொரு வீட்டுக்கு நாளைக்கே போங்கள். புத்திமதியும் வேண்டாம், திருநீறும் வேண்டாம். நோயாளியிடம் மீனைப் பற்றியோ மழையைப் பற்றியோ கேளுங்கள். பதில் வரும்வரை எழும்பாதீர்கள்.