சொம்புச் செடி பூத்தால் கீழே போகலாம்

எனக்கு ஏற்காடு பிடிக்கவில்லை. ஊரே ஆசைப்பட்டு ஏறி வருகிற மலை, கல்யாணமாகி வந்த எனக்கு ஜெயில். கணவர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். தலைச்சோலை போகிற வழியில், காப்பிச் செடிகளுக்கு நடுவே குவார்ட்டர்ஸ். துவைத்த துணி காயவே காயாது. சன்னலுக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து செருப்புத்தான் தேய்ந்தது. சேலம் பஸ்ஸின் ஹாரன் கேட்டால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடுவேன். அதில் எனக்குத் தெரிந்த யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் ஓடுவேன்.

"ஏனுங்க, சேலத்து ஆபீசுக்கு மாத்தல் கேளுங்க" என்று தினமும் நச்சரித்தேன். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் வாசலில் இருந்த தொட்டியைக் காட்டினார்.

"இந்தச் செடி பூக்கட்டும் அம்மிணி. அப்பறம் கீழ போயிரலாம்."

எஸ்டேட் பங்களாவிலிருந்து அவர் கொண்டுவந்த கன்று அது. அங்கே புரோமீலியாட் என்பார்கள். அன்னாசி மாதிரி முள் இலை, அதன்மேல் விபூதி பூசினாற்போல் பட்டை பட்டையாக வெள்ளை. இலைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கி நிற்பதால் எங்கள் வீட்டில் அது சொம்புச் செடி. லேசில் பூக்காது என்று தெரிந்துதான் மனுசன் வாக்குக் கொடுத்திருக்கிறார்!

நான் விடுவேனா? வெறும் மண் ஆகாது என்றார்கள். கரித்துண்டு, தேங்காய் மட்டைத் துணுக்கு, பெரணி வேர் எல்லாம் கலந்து மாற்றி நட்டேன். சொம்பில் கொசுப்புழு நெளிந்தால் தொட்டியோடு கவிழ்த்துப் புதுத் தண்ணீர் ஊற்றினேன். கையெல்லாம் கீறல். விடிந்ததும் முகம்கூடக் கழுவாமல் உள்ளே எட்டிப் பார்ப்பேன். தண்ணீரும் என் மூஞ்சியும்தான் தெரியும். "பூத்துத் தொலையேன் சனியனே!" என்று திட்டிவிட்டு அடுப்படிக்குப் போவேன்.

ஒரு கோடையில் ஆலங்கட்டி மழைக்குப் பயந்து தொட்டியை விறகுக் கொட்டாய்க்குள் வைத்தேன். அதைக் கவனிக்காமல் அவர் அங்கே வாழைத்தார்களுக்கு மூட்டம் போட்டுவிட்டார். காய் பழுக்கச் சருகைக் கொளுத்திப் புகையை உள்ளே அடைத்து, கதவுச் சந்தில் ஈரச் சாக்கைத் திணிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மறுநாள் கதவைத் திறந்தால் வாழைக்காயோடு என் செடியும் புகைக்குள் நிற்கிறது.

"வேணும்னேதான பண்ணுனீங்க?" என்று கத்தினேன்.

"சத்தியமா தெரியாது அம்மிணி."

யார் நம்புவது? சோறு போட்டேன், பேச்சை நிறுத்தினேன்.

சில வாரம் கழித்துச் சொம்புக்குள் ரோஸ் நிறத்தில் ஒரு முனை. நான் போட்ட கூச்சலில் அவர் ஷேவிங் சோப்போடு ஓடி வந்தார். ரோஸ் மடல் கூம்பாக எழுந்து, இடுக்கெல்லாம் குட்டிக் குட்டி ஊதாப் பூ. அன்னாசி வகைச் செடிக்குப் புகை பட்டால் சீக்கிரம் பூத்துவிடும் என்று பங்களாவுக்கு வந்த விருந்தாளி ஒருவர் சொன்னபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் தன் கையாலேயே வினை வைத்துக்கொண்டாரே! அவர் சிரிக்கவில்லை. ஆனால் சொன்ன சொல் தவறாதவர். கேட்டு மாற்றல் வாங்கினார்.

சேலம் வந்தோம். பூ முடிந்து தாய்ச்செடி மெல்லச் செத்தது. அதன் அடியில் முளைத்த கன்றைத் தனியே வைத்தோம். எனக்குக் கடைவீதி, சினிமா, அக்கம்பக்கத்துப் பேச்சு என்று ஒரே கொண்டாட்டம். அவருக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. ஃபேனுக்கு அடியில் உட்காருவார், எழுந்திருப்பார், மொட்டை மாடிக்குப் போய் மலை இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார். "நொம்ப வெக்கை" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. வாய்விட்டுக் கேட்கவும் இல்லையே என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு மத்தியானம் கொல்லைப்புறத்திலிருந்து புகை வந்தது. பதறிப்போய் ஓடினேன். ஒரு தகர டிரம், அதன்மேல் ஈரச் சாக்கு. பக்கத்தில் குந்தியிருந்த அவருக்குக் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"வாழத்தார் வாங்குனீங்களா? எங்கிட்டச் சொல்லவேயில்லைங்களே?"

சாக்கைத் தூக்கினேன். உள்ளே வாழைத்தார் இல்லை. அந்தக் கன்று மட்டும் தொட்டியோடு இருந்தது.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "இது பூத்துச்சுன்னா மேல போயிரலாமா அம்மிணி?"

"புகையெல்லாம் வெளிய போகுது பாருங்க" என்று சொல்லி, சாக்கை நானே இழுத்து இறுக்கி மூடினேன்.